வியாழக்கிழமை டெஸ்ட்

கோவிந்தராஜன்: ...அதுக்குத்தான் போர்டுலயே எழுதி மாட்டியிருக்கேன், கிரண் அம்மா. கிளாஸ் முடிஞ்சப்புறம் பணம் வாபஸ் கிடையாது.

சின்னத்தாயி: போர்டு படிக்கவா அண்ணா வேலையை விட்டுட்டு ஓடி வந்தேன்? வியாழக்கிழமை டெஸ்ட்டை கேன்சல் பண்ணுங்க. பணத்தைக் குடுங்க. நான் பாட்டுக்குப் போயிடறேன்.

கோவிந்தராஜன்: பெங்களூர்ல இருபத்தஞ்சு வருசமா டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன். ஃபெயிலானவன் பணத்தைத் திருப்பிக் குடுன்னு சண்டை போட்டிருக்கான். டெஸ்ட்டே வேணாம்னு பெத்த தாய் வந்து நிக்கறதை இன்னைக்குத்தான் பார்க்கறேன்.

சின்னத்தாயி: பார்த்துட்டீங்கல்ல? குடுங்க.

மமதா: சார், யாரு, கிரணா? அவன் டெஸ்ட்டுதான்...

கோவிந்தராஜன்: மமதா! நீ கம்ப்யூட்டரைப் பாரும்மா. அந்த ஜீவன் பீமா நகர் பார்ட்டிக்கு எல்.எல்.ஆர். பிரிண்ட் எடுத்தியா?

மமதா: ஆய்த்து சார், எடுத்துட்டேன். ஆனா...

கோவிந்தராஜன்: ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம். எடுத்து ஃபைல்ல வை.

சின்னத்தாயி: அந்தப் பொண்ணு என்னமோ சொல்ல வந்துச்சே?

கோவிந்தராஜன்: அவ வாயைத் தொறந்தா சாயங்காலம் வரைக்கும் சொல்லுவா. கம்ப்யூட்டர்ல உக்கார வச்சேன், ரேடியோ ஸ்டேசன் மாதிரி ஆயிட்டா. நீங்க சொல்லுங்க. எதுக்கு கேன்சல்?

சின்னத்தாயி: ஊருக்குப் போறோம். கிருஷ்ணகிரில என் தம்பி வீட்டுல விசேஷம்.

கோவிந்தராஜன்: என்னா விசேஷம்?

சின்னத்தாயி: அது... காது குத்து.

கோவிந்தராஜன்: நல்ல விஷயம். காலையில ஒம்பது மணிக்கு டெஸ்ட்டு. பத்தரைக்கு விட்டுடுவாங்க. பதினோரு மணி பஸ்ஸைப் புடிச்சா ரெண்டாவது பந்தில உக்காரலாம். அத்தைக்காரி லேட்டா வந்தா காது ஓடியா போயிடும்? அடுத்தது சொல்லுங்க.

சின்னத்தாயி: அடுத்தது என்னா அடுத்தது... பையனுக்கு உடம்பு சரியில்ல அண்ணா. மஞ்சக் காமாலை.

கோவிந்தராஜன்: யாருக்கு, கிரணுக்கா? காலையில எதிர்த்த ஓட்டல்ல என் பக்கத்துல நின்னு ஒரு செட் தோசையை முடிச்சான். அது பத்தலைன்னு கேசரி பாத் வாங்கினான். அவன்கிட்ட மஞ்சளா இருந்தது அந்த கேசரி பாத்து ஒண்ணுதாம்மா.

சின்னத்தாயி: காலையிலயா? இங்க எதுக்கு வந்தான்? கிளாஸ்தான் போன வாரமே முடிஞ்சு போச்சே?

கோவிந்தராஜன்: வந்தான்... சும்மாத்தான். ரிவர்ஸ் எடுக்கறதுல ஒரு டவுட்டுன்னான்.

சின்னத்தாயி: என்கிட்ட கேட்டரிங்ல கல்யாண ஆர்டரு, சீக்கிரம் போகணும்னு சொல்லிட்டுப் போனான்.

கோவிந்தராஜன்: இருபத்திரண்டு வயசுப் பையன். எல்லாத்தையும் அம்மாகிட்ட ஒப்பிப்பானா? சரி, மூணாவது காரணத்தையும் சொல்லிடுங்க. கேட்டுக்கறேன்.

சின்னத்தாயி: ஜாதகம் பார்த்தேன். வண்டியில கண்டம்னு...

கோவிந்தராஜன்: நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். என் செலவு. ஏம்மா, ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம்பாங்க. நீங்க ஒரு டெஸ்ட்டை நிறுத்த வந்துட்டு மூணோட நின்னுட்டீங்களே.

மமதா: மூணும் சூப்பர் ஆன்ட்டி. காது குத்துதான் பெஸ்ட்டு.

சின்னத்தாயி: சிரிங்க. ரெண்டு பேரும் நல்லா சிரிங்க.

கோவிந்தராஜன்: கோவிச்சுக்காதீங்க. உங்க பையனை எனக்குப் புடிக்கும்மா, அதான். ரெண்டு வருசமா அந்த கேட்டரிங்ல அண்டா தூக்கிட்டிருந்தவன். அவன் முதலாளி சீனிவாசராகவன் சார் என்கிட்டயே சொன்னாரு, லைசென்ஸ் வந்துட்டா டெம்போ கிரணுக்குத்தான்னு. தொம்மலூர்ல சாப்பாட்டை ஏத்தி வைட்ஃபீல்ட் ஆபீசுல இறக்கணும், சாயங்காலம் பாத்திரத்தோட திரும்பணும். சம்பளம் ஏறுது. மரியாதையா ஒரு வேலை. இதைக் கெடுப்பாங்களா?

சின்னத்தாயி: அந்த டெம்போவுல யார் யார் போறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?

கோவிந்தராஜன்: சாம்பாரு, ரசம், சப்பாத்தி...

சின்னத்தாயி: பரிமாறப் போற பொம்பளைங்க. நாலு பேரு. அதுல இளவேனில்னு ஒரு பொண்ணு, எங்க எதிர் வீடு. அண்டாவைப் புடிச்சுக்கிட்டு பின்னாடிதான் உக்காந்திருப்பாளுங்க.

கோவிந்தராஜன்: இருக்கட்டுமே. நான் சொல்லிக் குடுத்த கை. பதட்டமே இல்லாம ஓட்டுவான்.

சின்னத்தாயி: நீங்க பணத்தைக் குடுங்க அண்ணா.

கோவிந்தராஜன்: திரும்பத் திரும்ப அதே பேச்சு. சர்க்காருக்குக் கட்டினது வராது, என் கையில இல்ல. என் ஃபீஸ்ல வேணும்னா ஏதோ கொஞ்சம் பார்த்து அடுத்த மாசம்...

சின்னத்தாயி: முழுசா வேணும். இன்னைக்கே வேணும். உங்க ஸ்கூல் கவர்ல போட்டு, சீல் குத்தி, "டெஸ்ட் ரத்து, பணம் வாபஸ்"னு மேல எழுதிக் குடுங்க. அப்பதான் அவன் நம்புவான்.

கோவிந்தராஜன்: நம்புவானா? எதை? கிரண் அம்மா... நீங்க இங்க வந்திருக்கறது அவனுக்குத் தெரியாதா?

சின்னத்தாயி: தெரியக் கூடாது. நீங்களாவே கேன்சல் பண்ணதா இருக்கணும். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க, ஆபீசுல ரத்து பண்ணிட்டாங்கன்னு சொல்லுங்க. எதையாச்சும் சொல்லுங்க. காலைப் புடிச்சுக் கேக்கறேன் அண்ணா. அந்தப் பணத்தை சாயங்காலமே உங்ககிட்ட கொண்டாந்து குடுத்துடறேன். ஒரு ரூபா எனக்கு வேணாம். அவன்கிட்ட காமிக்கறதுக்கு மட்டும்தான்.

மமதா: என்னா ஆன்ட்டி நீங்க? பாவம் அவன், இந்த டெஸ்ட்டுக்காக எப்படி...

கோவிந்தராஜன்: நீ இரு மமதா. ஏம்மா, விளையாட்டா பேசிட்டிருந்தேன், இப்ப எனக்கு நெசமாவே கோவம் வருது. பெத்த புள்ள வாயில நீங்களே மண்ணைப் போடறீங்களே! என்னா, வண்டி ஓட்டினா கையை விட்டுப் போயிடுவான்னு பயமா?

சின்னத்தாயி: பாப்பா, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்து.

மமதா: ஏசி இல்ல ஆன்ட்டி, புழுங்கும்.

சின்னத்தாயி: சாத்தும்மா.

மமதா: ...சாத்திட்டேன்.

சின்னத்தாயி: நான் சொல்றது இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. என் புள்ள மேல சத்தியம் பண்ணுங்க.

கோவிந்தராஜன்: சத்தியமெல்லாம் எதுக்கும்மா? சொல்லுங்க.

சின்னத்தாயி: அவனுக்கு... அது வரும்.

கோவிந்தராஜன்: எது?

சின்னத்தாயி: அதான்... கை கால் இழுத்துக்கறது. பதினாலு வயசுல வந்துச்சு. தூக்கத்துல வரும், விடியக்காலையில. எந்திரிச்சா அவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. நாக்குல ரத்தம் இருக்கும். "தூக்கத்துல பல்லைக் கடிக்கறேடா"ம்பேன். சரிம்மான்னு வாயைக் கொப்புளிச்சுட்டு ஸ்கூலுக்குப் போயிடுவான்.

மமதா: அய்யோ... அவனுக்கே தெரியாதா?

சின்னத்தாயி: தெரியாது. பெரியாஸ்பத்திரில மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. உறையைப் பிரிச்சு ஒரு டப்பாவுல கொட்டி, ரத்தம் ஊற மாத்திரைன்னு சொல்லி எட்டு வருசமா குடுத்துட்டு வர்றேன். என் கையால.

கோவிந்தராஜன்: ஏம்மா... ஏன் அவன்கிட்ட சொல்லல?

சின்னத்தாயி: அவங்க அப்பாவுக்கும் இதான். கே.ஆர். மார்க்கெட்டுல மூட்டை தூக்கின ஆளு. ஒரு நாள் அத்தனை சனத்துக்கு நடுவுல விழுந்துட்டாரு. அன்னையிலேர்ந்து தெருவே அவர் பேரை மறந்துடுச்சு. "இழுப்பு"ன்னுதான் கூப்பிடுவாங்க. சின்னப் பசங்க கூட. அப்புறம் மனுசன் வாசப்படி தாண்டல. ஆறு வருசம். சுவத்தைப் பார்த்துப் படுத்த மனுசன் அப்படியே போயிட்டாரு. அவரு வியாதில சாகல அண்ணா, அது தெரிஞ்சதுல செத்தாரு. என் புள்ளையையும் அப்படிப் படுக்க விடுவேனா?

மமதா: சார், அந்த ஃபாரத்துல கேக்குமே... வலிப்பு கிலிப்பு உண்டான்னு...

கோவிந்தராஜன்: நீ என்னா போட்டே?

மமதா: எல்லாருக்கும் போடற மாதிரிதான் சார், இல்லன்னு. நீங்கதானே சொன்னீங்க, எல்லாத்துக்கும் "இல்ல"ன்னு டிக் பண்ணிட்டு கையெழுத்து மட்டும் வாங்குன்னு.

சின்னத்தாயி: கேட்டிருந்தாலும் அவன் இல்லன்னுதான் சொல்லியிருப்பான் பாப்பா. பொய் சொல்லத் தெரியாதவன்.

கோவிந்தராஜன்: அப்புறம் என்னா தைரியத்துலம்மா கிளாசுக்கு அனுப்பினீங்க?

சின்னத்தாயி: மூணு வருசமா வரவே இல்ல. ஒரு வாட்டி கூட இல்ல. போயிடுச்சுன்னு நெனச்சேன். எல்லையம்மனுக்குக் கூழு ஊத்தினேன். "அம்மா, இனிமே நான் டிரைவரு"ன்னு அவன் வந்து நின்னப்ப, அந்த முகத்தைப் பார்த்து வேணாம்னு எந்த வாயால சொல்லுவேன்?

கோவிந்தராஜன்: மூணு வருசமா வரலைன்னா இப்ப மட்டும் எதுக்கு...

சின்னத்தாயி: நேத்து துணி தொவைக்கறப்ப தலகாணி உறையை உருவினேன். பொலபொலன்னு கொட்டுச்சு. எண்ணினேன். இருபத்தோரு மாத்திரை. முழுங்கற மாதிரி முழுங்கிட்டு உள்ள தள்ளியிருக்கான்.

கோவிந்தராஜன்: இருபத்தொண்ணா...

சின்னத்தாயி: மூணு வாரம். இன்னைக்கு விடியறப்ப வந்துடுச்சு. கட்டிலே ஆடுச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, வாயைத் தொடச்சு, பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அரை மணி நேரத்துல எந்திரிச்சு, "நாக்கு வலிக்குதும்மா"ன்னான். குளிச்சான். புதுச் சட்டையை மாட்டிட்டு ஓடிட்டான்.

கோவிந்தராஜன்: இன்னைக்கா? இன்னைக்குக் காலையிலயா?

சின்னத்தாயி: ஆமா. அதான் ரெண்டு வீட்டு வேலையை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன். ஏன் அண்ணா உங்களுக்கு இப்படி வேர்க்குது?

கோவிந்தராஜன்: ஒண்ணுமில்ல... கதவு சாத்தியிருக்கில்ல.

மமதா: தொறக்கட்டுமா சார்?

கோவிந்தராஜன்: வேணாம். இரு. கிரண் அம்மா... நான் ஒண்ணு சொல்லணும். சொல்லியிருக்கணும். ஒரு நாள் காலையில இன்னர் ரிங் ரோட்டுல... அவன் ஓட்டறான், நான் பக்கத்துல. நல்லாத்தான் ஓட்டிட்டிருந்தான். திடீர்னு ஸ்டியரிங்கை இறுக்கிட்டான். கூப்பிடறேன், பதில் இல்ல. கழுத்து ஒரு பக்கமா திரும்பிக்கிச்சு. என் பக்கமும் பிரேக் இருக்கே, அதை மிதிச்சு ஓரம் கட்டறதுக்குள்ள... முன்னாடி ஒரு பால் வண்டி. ஒரு சாண்தான் இருந்துச்சும்மா.

சின்னத்தாயி: எப்ப?

கோவிந்தராஜன்: மூணு வாரம் இருக்கும்.

சின்னத்தாயி: மூணு வாரமா? அப்ப மாத்திரை போட்டுட்டிருந்தானே...

கோவிந்தராஜன்: முந்தின ராத்திரி பூரா கல்யாண ஆர்டராம். கண்ணை மூடாம நேரா கிளாசுக்கு வந்துட்டான்.

சின்னத்தாயி: தூக்கம் கெட்டா வரும்னு டாக்டர் சொன்னாரு... அய்யோ, என் சாமி. அப்புறம்? நீங்க என்னா பண்ணீங்க?

கோவிந்தராஜன்: மயக்கம்னு நெனச்சேன்மா. தூங்காததால வந்த மயக்கம். சீட்டைச் சாய்ச்சேன். சட்டைப் பட்டனைத் தளர்த்திவிட்டேன். வண்டிச் சாவியை உருவி கையில வச்சு அமுக்கி...

சின்னத்தாயி: என்னா சொன்னீங்க? கையில சாவியை வச்சீங்களா?

கோவிந்தராஜன்: ஏதோ பதட்டத்துல...

சின்னத்தாயி: மயக்கம்னா மூஞ்சில தண்ணி தெளிப்பாங்க. சோடா குடுப்பாங்க. சாவி எதுக்குய்யா வச்சே? இரும்பை எதுக்கு வைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? என் புருசன் கையில எத்தனை வாட்டி வச்சிருக்கேன்! உனக்குத் தெரியும். இன்னதுன்னு அந்த நிமிசமே உனக்குத் தெரியும்!

கோவிந்தராஜன்: கத்தாதீங்கம்மா. வெளிய ஆளுங்க இருக்காங்க.

சின்னத்தாயி: இருக்கட்டும்! தெரிஞ்சும் அவனைத் திரும்ப ஸ்டியரிங்ல உக்கார வச்சியே, நீ மனுசனா?

கோவிந்தராஜன்: அவன் முழிச்சதும், "என்னா சார் ஆச்சு"ன்னான். நான் என்னான்னு சொல்லுவேன்? "தூங்கிட்டேடா"ன்னேன். அழுதான்மா. "முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க, வேலை போயிடும்"னு கையைப் புடிச்சுக்கிட்டு அழுதான். பாவமா இருந்துச்சு. எனக்கும்... வெளிய தெரிஞ்சா எவன் என் ஸ்கூலுக்கு வருவான்? போலீசு, கேசு... பொத்திட்டேன்.

சின்னத்தாயி: என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ரெண்டு தெரு தள்ளித்தானே வீடு.

கோவிந்தராஜன்: நீங்க சொன்னீங்களா? பையனை சேக்கறன்னைக்கு இதே நாற்காலில உக்காந்து டீ குடிச்சீங்களே. ஒரு வார்த்தை சொன்னீங்களா?

மமதா: சண்டை போடாதீங்க. ப்ளீஸ். ஆன்ட்டி, தண்ணி குடிங்க.

சின்னத்தாயி: வேணாம். எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. எட்டு வருசமா மறு பேச்சு பேசாம போட்டுக்கிட்டவன். மாத்திரையை எதுக்கு நிறுத்தினான்? யாரோ சொல்லியிருக்காங்க.

கோவிந்தராஜன்: மமதா, அந்தத் தண்ணியை இங்க குடு.

சின்னத்தாயி: யாரு? நீயா?

கோவிந்தராஜன்: தூங்கிட்டேன்னு சொல்லிட்டேன்ல, அதுக்கு ஒரு காரணம் வேணுமே. "மாத்திரை கீத்திரை ஏதாச்சும் போடறியாடா"ன்னு கேட்டேன். "ராத்திரி ஒண்ணு போடுவேன் சார், ரத்தம் ஊறறதுக்கு. காலையில கொஞ்சம் அசத்தும்"னான். நம்ம பொய்க்குத் தோதா இருக்கேன்னு... "அதுதான்டா தூக்கத்துக்குக் காரணம். டெஸ்ட் முடியறவரைக்கும் நிறுத்திடு"ன்னேன்.

சின்னத்தாயி: கடவுளே...

கோவிந்தராஜன்: ரத்தம் ஊறற மாத்திரைதானேம்மா! ஒரு மாசம் போடலைன்னா என்னா ஆயிடும்னு நெனச்சேன். சத்தியமா எனக்குத் தெரியாது.

சின்னத்தாயி: நான் ஒரு பொய்யைச் சொல்லி வளத்தேன். நீ அது மேல இன்னொண்ணை ஏத்தி வச்சே. ரெண்டு பேரும் சேந்து... இங்க நம்ம மூணு பேருக்கும் தெரியுது. அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியல.

மமதா: அழாதீங்க ஆன்ட்டி.

சின்னத்தாயி: இல்ல. அழல. அழறதுக்கு இது நேரம் இல்ல. வியாழக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. பணம் வேணாம், கவரும் வேணாம். நீங்க கேன்சலை மட்டும் பண்ணுங்க. சாயங்காலம் அவனை உக்கார வச்சு நானே சொல்லிடறேன். எட்டு வருசமா சொல்லாததை இன்னைக்குச் சொல்லிடறேன். திட்டட்டும். அடிச்சாக்கூட அடிக்கட்டும். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். மறுபடி அண்டா தூக்கினா என்னா, உசுரு இருக்குமில்ல?

கோவிந்தராஜன்: மமதா, கிரணுக்கு போன் போடு.

சின்னத்தாயி: அவனுக்கு எதுக்கு இப்ப போன்? நான் சொல்லிக்கறேன்னு சொன்னேனே. நீங்க கம்ப்யூட்டர்ல கேன்சல் பண்ணுங்க.

மமதா: ரிங் ஆகுது சார்.

கோவிந்தராஜன்: ஸ்பீக்கர்ல போடாதே. எடுத்தா என்கிட்ட குடு. மணி என்னா?

மமதா: பன்னெண்டே கால்... எடுக்கல சார்.

கோவிந்தராஜன்: திரும்பப் போடு. விடாம போட்டுட்டே இரு. நான் சீனிவாசராகவன் சாரைப் புடிக்கறேன்... ச்சே, இவரு வேற பிசி.

சின்னத்தாயி: என்னா நடக்குது இங்க? ஏன் ரெண்டு பேரும் போனைப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? என் மூஞ்சியைப் பார்த்துப் பேசுங்க.

கோவிந்தராஜன்: நேத்து ஒருத்தர் டெஸ்ட்டை கேன்சல் பண்ணிட்டாரும்மா. இன்னைக்குக் காலை ஸ்லாட்டு காலியா இருந்துச்சு. பையன் துடிச்சிட்டு இருக்கானேன்னு, வியாழக்கிழமையை எடுத்துட்டு இதுல மாத்திவிட்டோம்.

சின்னத்தாயி: ...என்னா?

கோவிந்தராஜன்: அதுக்குத்தான் காலையில வந்தான். ரிவர்ஸ்ல ஒரு தப்பு இல்ல. பாஸ் பண்ணிட்டான். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார், சாயங்காலம் நானே போய் சொல்றேன்"னான். நானும் விளையாட்டா... உங்களைச் சுத்த விட்டுட்டு உக்காந்திருந்தேன்.

சின்னத்தாயி: பாஸ் பண்ணிட்டு எங்க போனான்?

கோவிந்தராஜன்: கேட்டரிங்குக்குதான்.

சின்னத்தாயி: அங்க என்னா பண்றான்? அண்டா தூக்கறான்ல? சொல்லுய்யா. கார்டு கையில வராம ஓட்ட விட மாட்டாங்கல்ல? என் புள்ள இப்ப எங்க?

கோவிந்தராஜன்: எடுத்தானா, மமதா?

மமதா: இல்ல சார்... எடுக்க மாட்டான் சார். எவ்ளோ அவசரம்னாலும் வண்டி ஓட்டறப்ப போனைத் தொடாதேன்னு நீங்கதானே அவனுக்குச் சொல்லிக் குடுத்தீங்க.